கொக்குக்காலியின் நடை

அந்தத் தண்ணி பாட்டில் யாருக்கு வாங்கிட்டுப் போறீங்க சார்? பேரப்பிள்ளைக்கா? நல்லாப் பாருங்க, அதுல படம் போட்டிருக்கே, ஒரு காலை இழுத்துக்கிட்டு வர்ற சூனியக்காரி, கொக்குக்காலி. அது நான் பண்ணது. சிரிக்காதீங்க, நெசமாத்தான். படம் வரைஞ்சது வேற ஆளு. குரல் குடுத்தது வேற ஒரு அம்மா. ஆனா டிவி கார்ட்டூன்ல அவ நடந்து வருவா பாருங்க, அந்த நடை இருக்கே, அது என்னோடது. உங்க பேரப்பிள்ளையும் வீட்டுல அப்படி நடந்து காட்டுமே? காட்டாம இருக்காது. அந்த நடைய நடந்து பாக்காத பிள்ளையே இப்போ கிடையாது.

நான் இந்த ரயில்ல சென்னை வரைக்கும்தான். வளசரவாக்கம். திண்டுக்கல்ல மச்சான் வீடு, அங்கதான் வீட்டுக்காரி இருக்கா. கூட்டிட்டு வரப் போனேன். வரலை. பிள்ளையையும் அனுப்பலை. அதை விடுங்க. இல்ல, விடவும் முடியலை சார். நீங்க பெரியவரு, முழுசாக் கேட்டுட்டு நீங்களே சொல்லுங்க, யார் மேல தப்புன்னு.

என் வேலை என்னன்னு முதல்ல சொல்லிடுறேன். கம்ப்யூட்டர்ல மனுச உருவம் செஞ்சு அதை நடக்க வைக்கிறது, ஓட வைக்கிறது, விழ வைக்கிறது. ஒரு உருவம் செய்யணும்னா உள்ள முதல்ல எலும்புக்கூடு ஒண்ணு வைப்போம். தோள், முழங்கை, மணிக்கட்டு, இடுப்பு, முட்டி, கணுக்கால், எல்லாம் இருக்கும். முன்னாடியெல்லாம் அந்தப் பொம்மை ஒரு டம்ளரை எடுக்கணும்னா தோளைத் திருப்பணும், அப்புறம் முழங்கைய மடக்கணும், அப்புறம் மணிக்கட்டு. கை டம்ளருக்குப் போய்ச் சேரலைன்னா மறுபடியும் தோள்லேர்ந்து ஆரம்பிக்கணும். இப்போ அப்படி இல்லை. ஐகேன்னு ஒண்ணு இருக்கு. தலைகீழாக் கணக்குப் போடும். நான் கைய மட்டும் பிடிச்சு டம்ளர் மேல வெச்சாப் போதும். முழங்கை எவ்வளவு மடங்கணும், தோள் எங்க போகணும்னு அதுவே பாத்துக்கும். பாதத்தைப் பிடிச்சு ஒரு படியில வைங்க, முட்டியும் இடுப்பும் பின்னாடியே வரும். சொன்ன பேச்சைக் கேக்கும் சார். அதுக்காகவே எனக்கு இந்த வேலை பிடிக்கும்.

ஆனா ஊனத்துக்கு அது உதவாது. ஏன்னா அந்தக் கணக்கு எலும்புக்கு எது சுலபமோ அதைத்தான் எடுக்கும். வலின்னா அதுக்கு என்ன தெரியும்? வலி இருக்குறவன் சுலபமான வழியில காலை வைக்க மாட்டான். எங்க வலிக்காதோ அங்கதான் வைப்பான். அதுக்காக இடுப்பை ஒரு மாதிரி தூக்குவான், தோளைச் சாய்ப்பான், மூஞ்சி கூட ஒரு பக்கமாப் போகும். இதெல்லாம் அந்தக் கணக்குல வராது.

எங்க டைரக்டர் கிருபாகரன்னு ஒருத்தர். கொக்குக்காலி நடக்குற முதல் துண்டைக் கொண்டு போய்க் காட்டுனேன். பாத்துட்டு, "ரீகன், இவ நொண்டலைய்யா. நொண்டுற மாதிரி நடிக்கிறா. பிள்ளைங்க பயப்படவும் செய்யாது, சிரிக்கவும் செய்யாது"ன்னாரு. எல்லார் முன்னாடியும் சொன்னாரு சார். எனக்குக் கீழ வேலை பாக்குறவங்க முன்னாடி.

நான் விடலை. செருப்புக்குள்ள கல்லைப் போட்டு நடந்து பாத்தேன். முட்டிக்கு ஸ்கேலை வெச்சுக் கட்டிக்கிட்டு நடந்தேன். பஸ் ஸ்டாண்டுல போய் உக்காந்து கால் சரியில்லாதவங்களா வேடிக்கை பாத்தேன். ஒண்ணும் உருப்படியா வரலை. தலைய பிச்சுக்கிட்டு வீட்டுல உக்காந்திருக்கேன். வீட்டுக்காரி காபி கொண்டு வர்றா. அடுப்படியிலேர்ந்து ஹாலுக்கு. ஒரு கையில டம்ளர், ஒரு கை சுவத்துல. நான் அப்போதான் பாக்குறேன் சார். அதுவரைக்கும் பாத்ததே இல்லைன்னுதான் சொல்லணும். வலது பாதம் உள்பக்கமாத் திரும்புது, தரையைத் தொடுறதுக்கு முன்னாடி ஒரு சின்னத் தயக்கம், அப்புறம் இடுப்பு மேல ஏறுது, தோள் அதுக்கு எதிர்ப்பக்கம் இறங்குது, கழுத்து அதைச் சமாளிக்குது. டம்ளர்ல காபி ஆடவே இல்லை. அவ்வளவும் நடக்குது, காபி ஒரு சொட்டு சிந்தலை. இங்க வீட்டுக்குள்ளயே இருக்கு, நான் ஊரெல்லாம் தேடிட்டு இருக்கேன்.

அவ பேரு ஜெசிந்தா. பள்ளிக்கூடத்துல பி.டி. டீச்சரா இருந்தா. விசில் ஊதிக்கிட்டு மைதானத்தைச் சுத்தி ஓடுவா, பிள்ளைங்க பின்னாடி ஓடும். அப்படித்தான் நான் அவளைப் பொண்ணு பாத்ததே. அப்புறம் ஒரு ஆக்சிடென்ட். நான்தான் வண்டி ஓட்டுனேன். ஆனா தப்பு லாரிக்காரன் மேல. இண்டிகேட்டர் போடாமத் திரும்புனான். "மெதுவாப் போங்க, மெதுவாப் போங்க"ன்னு இவ பின்னாடியிலேர்ந்து சொல்லிட்டேதான் வந்தா, அப்படிச் சொல்லிட்டே வந்தா ஓட்டுறவனுக்குக் கவனம் எங்க இருக்கும்? எனக்கும் கையில அடி. யாரும் அதைக் கேக்குறதில்லை. இவளுக்கு இடுப்பும் முட்டியும் போச்சு. ரொம்ப நாள் படுக்கை. எழுந்து நடந்தப்போ இந்த நடைதான் வந்துச்சு. பள்ளிக்கூடத்துல நல்ல மனுசங்க, வேலைய விட்டுத் தூக்கலை, லைப்ரரியில உக்கார வெச்சாங்க. எங்க பொண்ணு ஷெரினும் அதே பள்ளிக்கூடம்தான்.

அவகிட்ட சொல்லிட்டே எடுத்திருக்கலாமேன்னு நீங்க கேப்பீங்க. கேமரா இருக்குன்னு தெரிஞ்சா யாராவது இயல்பா நடப்பாங்களா? சுடிதாரைச் சரி பண்ணுவா, நிமிர்ந்து நடப்பா, அவளும் பி.டி. டீச்சர்தானே, உடம்பை எப்படி வெச்சுக்கணும்னு தெரிஞ்சவ. அப்புறம் எனக்கு என்ன பிரயோஜனம்? பழைய போன் ஒண்ணு கிடந்துச்சு. சிலிண்டருக்கும் அரிசி டின்னுக்கும் நடுவுல ஒரு சந்து, அதுக்குள்ள வெச்சேன். தரைமட்டத்துல இருந்தாத்தான் பாதம் நல்லாத் தெரியும். அதைப் பாத்துப் பாத்து, கொக்குக்காலியோட பாதத்தைப் பிடிச்சு இவ பாதம் எங்க இருக்கோ அங்க வெச்சேன். இடுப்பை இவ இடுப்பு எங்க ஏறுதோ அங்க ஏத்துனேன். கிருபாகரன் பாத்தாரு. எழுந்து வந்து என் தோளைத் தட்டிட்டுப் போயிட்டாரு.

டீ குடிக்கிறீங்களா சார்? தம்பி, ரெண்டு டீ. சக்கரை போட்டதுதானே? ம்.

அதுக்கப்புறம் ஒரு சங்கடம் வந்துச்சு. வீட்டுக்கு ஒரு பிசியோ பொண்ணு வந்துட்டு இருந்துச்சு. காலைத் தூக்கு, மடக்கு, ரப்பர் பட்டையை இழுன்னு ஏதோ சொல்லிக் குடுக்கும். இவளும் வெறி பிடிச்ச மாதிரி செஞ்சா. கொஞ்சம் கொஞ்சமா நடை மாற ஆரம்பிச்சுருச்சு. அந்தத் தயக்கம் குறைஞ்சுருச்சு. பாதம் நேராகுது. பாதி எபிசோடுதான் முடிஞ்சிருக்கு, கொக்குக்காலி திடீர்னு நல்லா நடக்க முடியுமா? டிவி பாக்குறவங்க கண்டுபிடிச்சுருவாங்க. பிள்ளைங்க இருக்கே, அதுங்கதான் முதல்ல கண்டுபிடிக்கும். நான் அந்தப் பொண்ணுகிட்ட, கொஞ்ச நாளைக்கு வேணாம்மான்னு சொல்லிட்டேன். இவகிட்ட, அந்தப் பொண்ணுக்குக் கல்யாணம் ஆகிப் போயிருச்சுன்னேன். வேற யாரையாவது பாக்குறேன்னேன். ஒவ்வொரு தடவையும் அந்தப் பொண்ணு வந்து காலை மடக்குறப்போ இவ பல்லைக் கடிச்சுட்டு அழுவா சார். அந்த அழுகைய நிறுத்துனதும் நான்தானே? அதையும் நினைச்சுப் பாக்கணும்.

நடை பழையபடி ஆச்சு. கொஞ்சம் அதிகமாவே ஆச்சு.

ஒரு நாள் காலையில சோறு வடிக்கிறப்போ விழுந்துட்டா. நான் ஹால்லதான் இருந்தேன். சத்தம் கேட்டுச்சு. கஞ்சி கொட்டி, பானை உருண்டு, எல்லாம் கேட்டுச்சு. போகணும்னுதான் எழுந்தேன். ஆனா பாருங்க, கதையில கொக்குக்காலி கிணத்தடியில விழுந்து எந்திரிக்கிற இடம் ஒண்ணு இருக்கு, அது எனக்கு எப்படிப் பண்ணியும் வரலை. விழுந்த ஆளு எதை முதல்ல ஊனுவா? கையையா, முட்டியையா? நான் உள்ள போனா என் கால் வந்து கேமராவை மறைச்சுரும். அதுக்குள்ள ஷெரின் ஓடிருச்சு. "அம்மா, அம்மா"ன்னு கத்துது. "அப்பா, வாங்கப்பா"ன்னு கூப்பிடுது. அவளே எந்திரிக்க ஆரம்பிச்சுட்டா. முதல்ல இடது முழங்கை. அப்புறம் நெத்தியைக் கொண்டு போய் அடுப்பு மேடையோட காலுல முட்டுக் குடுக்குறா சார், நெத்தியை! யாருக்குத் தோணும் அது? முழுசா எந்திரிச்ச பிறகுதான் நான் போனேன். பெருசா ஒண்ணும் இல்லை, தொடையில கொஞ்சம் வெந்திருந்துச்சு. நான்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன். ஆட்டோவுல அவ என் தோள்ல சாஞ்சுக்கிட்டு, "நீங்க இல்லைன்னா நான் என்னங்க பண்ணுவேன்"ன்னா. அப்படி இருந்தவதான்.

தொடர் டிவில வர ஆரம்பிச்சுது. அப்புறம் நடந்தது உங்களுக்கே தெரியும். எங்க தெருவுல, பக்கத்துத் தெருவுல, எல்லாப் பிள்ளையும் காலை இழுத்துக்கிட்டுத் திரியுதுங்க. இவ கீரை வாங்க இறங்குனா பின்னாடியே ஒரு கூட்டம் வரும், இழுத்துக்கிட்டே. "கொக்குக்காலி வர்றா, கதவைப் பூட்டு"ன்னு டிவில வர்ற பாட்டைப் பாடும். பள்ளிக்கூடத்துலயும் லைப்ரரி டீச்சருக்குப் பிள்ளைங்க வெச்ச பேரு அதுதானாம். இவ டிவி பாக்குற ஆளே இல்லை. அதனால அவளுக்கு விவரம் புரியலை. ஒரு நாள் கீரையைக் கீழ வெச்சுட்டு, "ஏங்க, நான் நடக்குறது அவ்வளவு அசிங்கமாவா இருக்கு?"ன்னு கேட்டா.

"சேச்சே, யார் சொன்னது?"ன்னேன்.

"சின்னப் பிள்ளைங்க பொய் சொல்லாதுங்க"ன்னா.

அப்போ சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்துச்சு. ஆனா இன்னும் எபிசோடு பாக்கி இருந்துச்சு. தவிர, நல்ல விசயத்தை ஒரு நல்ல சமயத்துல சொல்லணும்னு நினைச்சேன். உன் நடைதான்டி ஊரெல்லாம் நடக்குதுன்னு, எல்லார் முன்னாடியும், அவ சந்தோசப்படுற மாதிரி.

பள்ளிக்கூட ஆண்டு விழாவுல மாறுவேடப் போட்டி வந்துச்சு. ஷெரினுக்கு நான் கொக்குக்காலி வேசம் போட்டேன். அம்மாகிட்ட சொல்லாத, சர்ப்ரைஸ்னேன். ஸ்டுடியோவுக்குக் கூட்டிட்டுப் போய் நடக்கச் சொல்லிக் குடுத்தேன். பிள்ளைக்கு முதல்ல வரலை. பாதத்தை உள்ள திருப்பு, நில்லு, இப்போ இடுப்பைத் தூக்குன்னு ஒவ்வொண்ணா பிடிச்சு வெச்சேன். கொஞ்சம் பிடிச்சு வெச்சதுக்கே மத்ததெல்லாம் தானா வந்துருச்சு. வராம எப்படி இருக்கும், அவ பெத்த பிள்ளை. ஒரு கட்டத்துல பிள்ளை நின்னுட்டு, "அப்பா, இது அம்மா மாதிரி இருக்குப்பா"ன்னுச்சு. "ஆமா, அம்மாவுக்காகத்தான்"னேன். அது என்னையே பாத்துச்சு. "நான் இளவரசி வேசம் போட்டுக்கிறேனே"ன்னுச்சு. சின்னப் பிள்ளைதானே, மேடைன்னதும் பயம். நான் ஒத்துக்கலை.

மேடையில ஏறி ஷெரின் நடந்துச்சு பாருங்க. ஹாலே சிரிச்சுது. பிள்ளைங்க பெஞ்சு மேல ஏறி நின்னு கத்துதுங்க. ஜெசிந்தா டீச்சருங்க வரிசையில உக்காந்திருந்தா. நான் பின்னாடி நின்னு அவளையேதான் பாத்துட்டு இருக்கேன், மூஞ்சி எப்படி மாறுதுன்னு. முன்வரிசையில ஒரு டீச்சர் சிரிச்சுக்கிட்டே திரும்பி இவளைப் பாத்தாங்க. உடனே வாயைப் பொத்திக்கிட்டாங்க. அப்புறம் இன்னொருத்தர் திரும்புனாரு. அப்புறம் ஹெட்மிஸ்ட்ரஸ் சிஸ்டர். ஒவ்வொருத்தரா எல்லாரும் திரும்பி இவளையே பாக்குறாங்க சார். எனக்கு நெஞ்சு நிறைஞ்சு போச்சு. அத்தனை பேரும் கண்டுபிடிச்சுட்டாங்க பாருங்க, அவ்வளவு கச்சிதம்! சிரிப்பு மட்டும் கொஞ்சம் கொஞ்சமா அடங்கிருச்சு. ஏன்னு தெரியலை. மேடையில பிள்ளை அழுதுக்கிட்டே நடக்குது. ஆனா நடைய விடலை. முதல் பரிசு குடுத்தாங்க.

வீட்டுக்கு வந்ததும் இவ டிவியைப் போடச் சொன்னா. ஒரு எபிசோடு பாத்தா. முழுசா, அசையாம. அப்புறம், "இது நானா?"ன்னு கேட்டா.

அப்பாடான்னு இருந்துச்சு எனக்கு. இந்தக் கேள்விக்குத்தானே காத்துக்கிட்டிருந்தேன்! உள்ள கூட்டிட்டுப் போய் என் கம்ப்யூட்டரைப் போட்டேன். திரையில ஒரு பக்கம் இவ, ஒரு பக்கம் கொக்குக்காலி. ரெண்டையும் சேத்து ஓட விட்டேன். ரெண்டு பாதமும் ஒண்ணா இறங்குது, ரெண்டு இடுப்பும் ஒண்ணா ஏறுது. "பாரு, ஒரு நூல் வித்தியாசம் இல்லை பாரு"ன்னேன். எத்தனை பெரிய நடிகைங்களுக்குக் கிடைக்கும் இது? அவ திரையைப் பாக்குற விதமே வேறயா இருந்துச்சு. பிள்ளைங்க ஓடுறதைப் பாத்தே எந்தக் கால்ல சுளுக்குன்னு சொல்றவ அவ.

"இங்க நல்லா நடக்க ஆரம்பிச்சிருக்கேன்"னா. "பாதம் நேரா விழுது பாருங்க. அடுத்ததுல மறுபடி திரும்புது." அப்புறம் என் பக்கம் திரும்புனா. "பிசியோ பொண்ணுக்கு நெசமாவே கல்யாணம் ஆச்சா?"

இந்தச் சமயத்துல இந்தக் கேள்வி எதுக்கு சார்? நான் பேச்சை மாத்தலாம்னு கை நீட்டுறதுக்குள்ள அடுத்த வீடியோ ஓட ஆரம்பிச்சுருச்சு. அவ விழுந்தது. முழுசாப் பாத்தா. கஞ்சி கொட்டுறது, நெத்தியை முட்டுக் குடுக்குறது, ஷெரின் "அப்பா வாங்கப்பா"ன்னு கூப்பிடுறது.

"அப்போ நீங்க எங்க இருந்தீங்க?"

"ஹால்ல."

"கேட்டுச்சா?"

"கேட்டுச்சு. ஆனா நீதான் எந்திரிச்சுட்டியே ஜெசி"ன்னேன்.

அழுவான்னு பாத்தேன். அழலை. திட்டலை. ஒரு பாத்திரத்தைத் தூக்கிப் போட்டு உடைச்சிருந்தாக்கூட எனக்கு நிம்மதியா இருந்திருக்கும். பக்கத்துல இருந்த நாற்காலியைப் பிடிச்சு மெதுவா உக்காந்தா. அவ்வளவுதான் சார். அன்னைக்கு உக்காந்தவதான். அதுக்கப்புறம் என் கண் முன்னாடி அவ ஒரு அடி கூட எடுத்து வைக்கலை.

நம்புவீங்களா? நான் வீட்டுல இருந்தா உக்காந்தே இருப்பா. காலையில நான் குளிக்கப் போற வரைக்கும் கட்டில்லயே இருப்பா, பாத்ரூம் கதவைச் சாத்துன பிறகுதான் எழுந்திருக்குற சத்தம் கேக்கும். வெளிய வந்தா அடுப்படி ஸ்டூல்ல உக்காந்திருப்பா. ஞாயித்துக்கிழமை முழுக்க ஒரே இடம். சாப்பாட்டை ஷெரின்தான் எடுத்துட்டு வந்து குடுக்கும். அவசரத்துக்கு பாத்ரூம் போகணும்னாக்கூட அடக்கிக்கிட்டு இருப்பா. உதடு வெளுத்துரும். "போயிட்டு வாயேன், நான் பாக்கலை"ன்னு சொல்லுவேன். அப்படியே சுவத்தைப் பாத்துட்டு இருப்பா. ஒரு மனுசன் தன் வீட்டுல எப்படி சார் இருக்குறது? என்னை எவ்வளவு கேவலப்படுத்துறா பாருங்க.

ஒரு நாள் ஆபீசுக்குக் கிளம்புற மாதிரி செருப்பைப் போட்டுக்கிட்டு, கதவை இழுத்துச் சாத்திட்டு, வாசல்லயே நின்னேன். கொஞ்ச நேரம் கழிச்சுச் சாவியைப் போட்டுத் திறந்தேன். ஹால் நடுவுல நின்னுட்டு இருந்தா, கையில துவைச்ச துணி. என்னைப் பாத்ததும் அப்படியே, நின்ன இடத்துலயே, தரையில உக்காந்துட்டா. அந்த இடுப்போட. வலி உயிர் போயிருக்கும். முகத்துல ஒண்ணும் காட்டலை. ஈரத்துணிய மடியில வெச்சுக்கிட்டு, நான் திரும்ப வெளிய போற வரைக்கும் அங்கேயே இருந்தா. அன்னைக்கு நான் வேலை முடிஞ்சு வந்தப்போ வீடு பூட்டி இருந்துச்சு. பிள்ளையைக் கூட்டிக்கிட்டு அண்ணன் வீட்டுக்குப் போயிட்டா.

நானும் போகட்டும்னு விட்டுட்டேன். ஆனா இப்போ அடுத்த சீசன். கொக்குக்காலி மலைக்கோயில் படியில இறங்கி ஊருக்குள்ள வர்றா. முதல் காட்சியே அதுதான். கிருபாகரன் தினமும் கேக்குறாரு. கால் சரியில்லாத ஒருத்தரைக் கூட்டிட்டு வந்து ஸ்டுடியோவுல இறங்கச் சொல்லிப் பாத்தோம். பாவம், நல்லாத்தான் இறங்குனாரு. ஆனா அது அவரோட கால். கொக்குக்காலிக்கு ஒட்டலை. நானே பாதத்தைப் பிடிச்சுப் படிப்படியா வெச்சுப் பாத்தேன். கணக்கு அதோட புத்தியைக் காட்டிருச்சு, ரொம்ப சுகமா இறங்குறா.

அதுக்காகத்தான் போனேன்னு நினைச்சுராதீங்க. பொண்டாட்டி பிள்ளையைப் பாக்கணும்னு இருக்காதா? மச்சான் அமல்ராஜ் வீடு மாடியில. கீழ அவரோட பூட்டுக்கடை. படிக்கட்டு வெளிப்பக்கம், தெருவைப் பாத்து இறங்கும். நான் போனப்போ அவர் கடையிலதான் இருந்தாரு.

"வாங்க மாப்ள, மேல வாங்க. எதுன்னாலும் உக்காந்து பேசலாம்"னாரு.

"இல்ல மச்சான், அவளைக் கீழ வரச் சொல்லுங்க"ன்னேன்.

"அவளுக்குப் படி இறங்குறது கஷ்டம் மாப்ள. உங்களுக்குத் தெரியாததா?"

"ஒரு தடவை. ஒரே ஒரு தடவை இறங்கி வரட்டும். நான் பேசிட்டுப் போயிடுறேன்."

அவர் என்னை ஒரு மாதிரி பாத்தாரு. மரியாதைன்னு ஒண்ணு இருக்குல்ல சார், புருசன் வந்து நிக்கிறான், பொண்டாட்டி இறங்கி வந்தா என்ன? வெயிலும் நல்லா இருந்துச்சு. படிக்கட்டு மேல நேரா விழுந்துட்டு இருந்துச்சு. போன் என் சட்டைப் பையில இருந்துச்சு, எப்பவும் வைக்கிற மாதிரிதான், கேமரா வெளிய தெரியுற மாதிரி.

மச்சான் மேல பாத்துக் குரல் குடுத்தாரு. ரொம்ப நேரம் கழிச்சு மேல கதவு திறந்துச்சு. முதல்ல ஷெரின் வந்துச்சு. பின்னாடி இவ. நிலையைப் பிடிச்சுட்டு நின்னா. இளைச்சுப் போயிருந்தா. என் மூஞ்சியப் பாத்தா. அப்புறம் என் சட்டைப் பையைப் பாத்தா. அப்புறம் என்ன பண்ணா தெரியுமா? முதல் படியில உக்காந்துட்டா.

உக்காந்தே இறங்குனா சார். ரெண்டு கையையும் அடுத்த படியில ஊனுறா, உடம்பை இழுத்து அங்க வைக்கிறா. மறுபடி கையை ஊனுறா. கால் ரெண்டும் முன்னாடி நீட்டிக்கிட்டு இருக்கு, துணிப் பொம்மைக் கால் மாதிரி. எதிர்த்த வீட்டுல பாத்திரம் கழுவிட்டு இருந்த அம்மா கழுவுறதை நிறுத்திட்டாங்க. கடைக்கு வந்தவங்க வெளிய வந்துட்டாங்க. மச்சான், "ஜெசி, எந்திரிம்மா, நான் பிடிச்சுக்கிறேன்"னு படியில ஓடுனாரு. அவர் கையைத் தட்டி விட்டுட்டா. தெருவே பாக்குது, இவ உக்காந்து உக்காந்து இறங்குறா, கண்ணை மட்டும் என் மேலேர்ந்து எடுக்கலை.

கீழ வந்தா. கடைசிப் படியில உக்காந்துக்கிட்டே, மூச்சு வாங்க, "எடுத்துட்டீங்களா?"ன்னு கேட்டா.

"வீட்டுக்கு வா ஜெசி"ன்னேன்.

அவ கையைப் பின்னாடி ஊனி, மறுபடியும் ஏற ஆரம்பிச்சா. அதேமாதிரி உக்காந்துக்கிட்டே, பின்பக்கமா, என்னையே பாத்துக்கிட்டு. கடைசி வரைக்கும். மச்சான் என்னைப் பாத்து, "போயிருங்க மாப்ள"ன்னாரு. சத்தமாக்கூட சொல்லலை. கடைக்குள்ள போய் ஷட்டரை இழுத்துட்டாரு.

இதுதான் சார் நடந்தது. தெருவுல வெச்சு இப்படி ஒருத்தி புருசனை அவமானப்படுத்தலாமா? சொல்லுங்க. நான் அவளை அடிச்சேனா, குடிச்சேனா? அவ நடைய ஊரே கொண்டாடுற மாதிரி பண்ணேன், அது ஒரு குத்தமா?

ஆனா ஒண்ணு சொல்றேன். இந்தச் சீட்டுல உக்காந்ததுலேர்ந்து அதைத்தான் திரும்பத் திரும்பப் பாத்துட்டு வர்றேன். கோவமா இருந்துச்சு முதல்ல. இப்போ இல்லை. கொக்குக்காலி மலைப்படியில நடந்து வரவே வேணாம் சார். உக்காந்து வரட்டும். கையை ஊனி, கால் ரெண்டையும் நீட்டி, கண்ணை நம்ம மேலேர்ந்து எடுக்காம. பிள்ளைங்க அலறிரும். யாருக்கும் தோணாது இது, எந்தக் கணக்குலயும் வராது. கையை மட்டும் நான் பிடிச்சு ஒவ்வொரு படியிலயும் வெச்சாப் போதும், முழங்கை, தோள், முதுகு எல்லாம் பின்னாடி வந்துரும்.

இந்தாங்க, பாருங்க. கொஞ்சம் இப்படிச் சாய்ச்சுப் பிடிங்க, வெளிச்சம் அடிக்குது. இந்தா, உக்காருறா பாத்தீங்களா. கை. இப்போ உடம்பு. மறுபடி கை. இந்த இடத்துலதான் ஷெரின் குறுக்க வந்துருச்சு. இது என் பொண்ணு. பாவாடையை ரெண்டு கையாலயும் விரிச்சுப் பிடிச்சுக்கிட்டு, அம்மாவை மறைச்சுக்கிட்டே, ஒவ்வொரு படியா அவ கூடவே இறங்குது பாருங்க. கேமரா எங்க இருக்குன்னு பிள்ளைக்கு எப்படித் தெரிஞ்சுதோ. பாதிக்கு மேல இப்படித்தான் இருக்கு, பாவாடைதான் தெரியுது.

அதனால பரவாயில்லை சார். பிள்ளையை மட்டும் அழிச்சுரலாம். அதுக்கெல்லாம் இப்போ சாஃப்ட்வேர் இருக்கு.